ஆடியில் கேரவன் தரை மாற்றியது

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மாலையில் மேல்காற்று, மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஆனியின் கடைசி முகூர்த்தம். மாமல்லபுரத்தில் கடலோர ரிசார்ட், கல்யாண வரவேற்பு. சர்ச்சுக்குப் போகவில்லை. மனைவி ஜெசி மட்டும் போனாள்.

சினிமாக்காரர்களிடம் பழசாக வாங்கி, கல்யாண மேக்கப்புக்கு நாங்கள் வாடகைக்கு விடுகிற கேரவன். அதன் தரை இன்று உடைந்தேவிட்டது. கை கழுவும் பேசினுக்கு முன்னால். கல்யாணப் பெண் மேக்கப் முடிந்து எழுந்து ஒரு அடி வைத்தாள், ஹீல்ஸ் செருப்பு பொதக்கென்று உள்ளே போய்விட்டது. நல்ல வேளை, அடி ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஓட்டை வழியாக வந்த நாற்றம். மேக்கப் பெண்கள் இரண்டு பேரும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

கல்யாண ஏற்பாட்டு மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நமக்கு வருகிற கல்யாணங்களில் முக்கால்வாசி அவர் தருவதுதான்.

"என்ன சார் இது, இவ்ளோ ஸ்மெல்? போன தடவையே பொண்ணோட அம்மா சொன்னாங்க. நான்தான் ஏதோ சொல்லி சமாளிச்சேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன். "டிரைவர் வண்டியிலயே படுத்துக்கறான் மேடம். குளின்னு சொன்னாலும் கேக்கறதில்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேடம் முகம் சுளித்ததைப் பார்த்து இன்னும் ஒன்று சொன்னேன்.

"அந்த ஆளுங்க அப்படித்தான் மேடம்."

எழுதிவிட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை. டிரைவர் யார்? டேவிட் மச்சான். ஜெசியின் கூடப் பிறந்த அண்ணன். அவர் எந்த ஆளோ நானும் அதே ஆள்தான். அச்சரப்பாக்கம் பக்கம் ஒரே தெரு, ஒரே சர்ச், அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பண்ணையில் கூலிக்கு ஏர் பிடித்தவர்கள். மேடத்துக்கு அது தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் போலிருக்கிறது.

மேடம் சொன்னது: "அப்போ டிரைவர மாத்துங்க. தரையையும் மாத்துங்க. ரெண்டும் பண்ணினாதான் ஆவணியில உங்க வண்டி."

மச்சான் வண்டிக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் நின்றிருந்தார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிருக்காது. அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்.

திரும்பும்போது வழக்கமாகப் பாட்டுப் போடுவார். இன்று போடவில்லை.


ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது, வண்டி சும்மாதான் நிற்கும். தரை வேலையை இப்போதே முடித்துவிட வேண்டியதுதான்.

செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்குள் கேரவன் நுழையாது. மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. நாள் முழுக்க உளிச் சத்தம். வண்டி மேல் கல்தூள், பவுடர் அடித்த மாதிரி. மச்சான் அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்றார். நான் காலேஜ் ஆபீஸ் வேலை முடித்துச் சனிக்கிழமைகளில் போகலாம்.

ஆபீசில் அட்மிஷன் நேரம். பிரின்சிபால் கத்தல். டிபன் பாக்ஸ் மூடி தொலைந்தது.

ஜெ. கேட்டாள், "அண்ணன் போன் எடுக்கவே மாட்டேங்குது, இன்னா சமாச்சாரம்?" கொட்டகையில் சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் நன்றாகவே இருக்கிறது.


ஜூலை 19, சனி

வெயில் சுள்ளென்று. பைக்கில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனேன்.

தரையைப் பெயர்த்தோம். மேலே மர டிசைன் வினைல். அதற்குக் கீழே சினிமாக்காரர்கள் காலத்துச் சிவப்புக் கார்ப்பெட், இப்போது கறுப்பு. அதற்கும் கீழே ப்ளைவுட் பலகை. கார்ப்பெட்டில் ஒட்டிக் கிடந்தவை: ஹேர்பின்கள், ஸ்டிக்கர் பொட்டு, ஜிகினா, ஒரு ஒட்டு இமை. ஒட்டு இமையைப் பூச்சி என்று நினைத்து நான் கையை உதற, மச்சான் சிரித்துவிட்டார். ஆறு நாளில் முதல் சிரிப்பு. உடனே நிறுத்திக்கொண்டார்.

பலகை டீயில் நனைத்த பன் மாதிரி கையோடு வந்தது. ஈரம். பூஞ்சை. நாற்றம் முழுக்க அங்கேதான். கீழே இரும்புச் சட்டமும் துருப்பிடித்திருக்கிறது.

கடைசியாக மச்சான் படுக்கிற பெஞ்சைக் கழற்றினோம். பின்பக்கச் சுவரோடு சேர்ந்த பெட்டி மாதிரியான பெஞ்சு, சுற்றிலும் பட்டை அடித்து மூடியது. அதற்குக் கீழே பலகை புத்தம் புதுசாக இருந்தது. வெளுப்பாக, காய்ந்து, பென்சில் சீவின வாசனையோடு.

இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி நின்றோம். பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம்.

தண்ணீர் போன இடமெல்லாம் அழுகல். தண்ணீர் போகாத இடம் நன்றாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றினது நான். ஒவ்வொரு கல்யாணம் முடிந்து வண்டி திரும்பியதும் நான்தான் கழுவுவேன், மச்சானை விடமாட்டேன். பினாயில் கலந்து, வாளி வாளியாக ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளி, வீட்டைக் கழுவுகிற மாதிரி. வீட்டில் சிமெண்டுத் தரை. இது பலகை. அது எனக்குத் தோன்றவே இல்லை. நாற்றம் வந்ததும் இன்னும் இரண்டு வாளி சேர்த்து ஊற்றினேன்.

ஏன் அப்படிக் கழுவினேன் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் வண்டியில் நாற்றம் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. எங்கள் தெருப் பெயரைச் சொன்னதும் மூக்கைச் சுருக்குகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன். கடைசியில் அந்தப் பேச்சை நானே என் வாயால் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

மச்சான் பலகையைத் தட்டிப் பார்த்தார். "இங்க நல்லாகீது மாப்ள. இத்த அப்படியே வெச்சுக்கலாம்."

வேண்டாம், மொத்தமும் புதுசாகவே போட்டுவிடலாம் என்றேன். அந்தப் பலகையைத் தினம் பார்க்க என்னால் முடியாது. கடப்பாரையால் நானே பெயர்த்தேன். நல்ல பலகை, வர மாட்டேன் என்றது.


ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் மனதில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் எங்கே இருந்தாலும் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். இன்று வரவில்லை. போன வாரம் வரவேற்பு வேலை, அதனால் கணக்கில்லை. இன்று என்ன சாக்கு?

ஜெ.: "சங்கரா மீன் கொழம்பு வெச்சிட்டு ஒக்காந்துகினு கீறேன். அண்ணன் ஏன் வர்ல? நீங்க கூப்ட்டீங்களா இல்லியா?"

கூப்பிட்டேன், வேலை இருக்கிறதாம் என்றேன். கூப்பிடவில்லை.

"ஞாயித்துக்கெழம இன்னா வேல?"

மீன் முள் தொண்டையில் சிக்கிவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கினேன். அவளும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். எங்கள் பெண் ட்யூஷனுக்குப் போகும்போது, "மாமா வர்லன்னா வூடே நல்லால்ல" என்றாள். ஒரு தூக்கில் குழம்பு எடுத்து வைத்திருக்கிறாள் ஜெ., அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லி. ஃபிரிட்ஜில் இருக்கிறது.


ஜூலை 21, திங்கள்

ஆபீசில் பர்மிஷன். செங்கல்பட்டு பஜாரில் பாய் கடை.

வாங்கியவை:
மரைன் ப்ளை, தண்ணீர் தாங்கும் ரகம்
வினைல் சுருள், சாம்பல் நிறம்
துருவுக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட், பிரஷ்
ரப்பர் பசை, சிலிக்கான்
துருப்பிடிக்காத ஸ்க்ரூ
வாசலுக்கு அலுமினியப் பட்டை
ஜெ.க்கு மூட்டுவலித் தைலம்

பாய் விசாரித்தார், "எப்டி தம்பி இத்துப் போச்சு? கடக்காத்தா?"

ஆமாம் பாய், கடல் காற்று என்றேன். அந்தக் கடைக்காரரிடம்கூட உண்மை வரவில்லை. அவருக்கு என்ன நஷ்டம், எனக்கு என்ன நஷ்டம். முதலில் டிரைவர், இப்போது கடல்.


ஜூலை 24, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெ.யிடம் சொன்னேன். அந்த வார்த்தை உட்பட எல்லாவற்றையும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணன் காதுல வுயுந்துச்சா?"

தெரியாது என்றேன்.

"தெரியாதா? பத்து நாளா போன் எடுக்கல, சோத்துக்கு வர்ல. உங்களுக்குத் தெரியாதா?"

பிறகு, "என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? மனசு லேசாவணும்னா? அண்ணன்கிட்ட போய் சொல்லுங்க."

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் பெண்ணோடு டிவி முன்னால் சாப்பிட்டாள்.


ஜூலை 26, சனி

விடிகாலை லேசான தூறல். கொட்டகைத் தகரத்தில் சத்தம்.

இரும்புச் சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு மச்சானே அடித்து முடித்திருந்தார். சக்கரத்து வளைவு வரும் இடங்களுக்கு நியூஸ் பேப்பரை வெட்டி அளவெடுத்து, அதைப் பலகைமேல் வைத்து வரைந்து அறுத்தோம். முதல் பலகையை நான் தலைகீழாக வைத்து அறுத்து வீணாக்கினேன். அவர் அதையே திருப்பி வேறொரு மூலைக்குச் சரிக்கட்டினார்.

மத்தியானம் அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், நான் மேலே ஸ்க்ரூ முடுக்கினேன். முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது.

"மச்சான். அன்னிக்கு மேடம்கிட்ட உங்களப் பத்தி ஒண்ணு சொல்லிட்டேன்."

"தெரியும்."

"ஜெனரேட்டர் ஓடிகினு இருந்துதே."

"நீ பேச ஆரம்பிச்சப்பவே ஆஃப் பண்ட்டேன். பொண்ணு வுயுந்துட்டாளோன்னு கேக்க வந்தேன்."

அப்போது எனக்குக் கேட்டது ரிசார்ட்டின் ஜெனரேட்டர் போலிருக்கிறது. என்ன ஓடினால் என்ன.

"தப்பு மச்சான். தண்ணி ஊத்துனது நானு."

அடியில் ஸ்பேனர் இரண்டு சுற்றுச் சுற்றியது.

"தண்ணி இன்னா மாப்ள, பலகதானே, மாத்திட்டோம். அந்த வார்த்தைய வெளியாளு சொல்லியிருந்தா கேட்டுகினு போயிருப்பேன். கேட்டுப் பயக்கம்தான். நீ சொல்ட்டியே."

மன்னிச்சுடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுகூட வரவில்லை.

"அந்த நட்டு உருண்டு வந்துச்சு பாரு, எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

ஃபிரிட்ஜிலேயே விட்டிருந்த மீன் குழம்பு நாலு நாளைக்கு முன்பே கெட்டுவிட்டது. ஜெ.க்குத் தெரியாமல் தூக்கைக் கழுவி வைத்தேன்.


ஆகஸ்ட் 2, சனி

நல்ல வெயில், வினைலுக்குத் தேவையானது. சுருளை வெயிலில் விரித்துப் போட்டால்தான் சுருக்கம் போகும். விரித்துவிட்டு டீக்கு நகர்ந்தோம், பட்டறை நாய் வந்து நடுவில் படுத்துக்கொண்டது. மச்சான் விரட்டவில்லை. "அதுக்காச்சும் புதுத் தரை" என்றார்.

பசை தடவி, பின்னாலிருந்து வாசல் பக்கமாக ஒட்டிக்கொண்டே வந்தோம். சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்தினோம். ஜெ.யின் கட்டை, அவளே கொடுத்தனுப்பினாள். அண்ணனிடம் போனிலும் பேசியிருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை.

முடித்ததும் பார்க்க அழகாக இருந்தது. என் கை தானாக வாளியைத் தூக்கிவிட்டது. மச்சான் பார்த்தார். வைத்துவிட்டேன். பிழிந்த துணியால் துடைத்தார், அவ்வளவுதான் வேலை. இத்தனை நாளும் அவ்வளவுதான் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. டிரைவர் மேல் தவறில்லை, அவர் என் மச்சான், அவர்தான் ஓட்டுவார். பைக்கில் திரும்பும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பூஞ்சேரி சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.


ஆகஸ்ட் 9, சனி

காற்று பலம். கொட்டகைத் தகரம் ஒன்று பறந்துபோய், ஓடிப் பிடித்தோம்.

ஓரங்களுக்குச் சிலிக்கான், வாசலுக்குப் பட்டை. மத்தியானம் மேடம் போன். கையெல்லாம் பசை. ஸ்பீக்கரில் போட்டுத் தரைமேல் வைத்தேன். மச்சான் எதிரில் உட்கார்ந்து பட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

"வேலை முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது மேடம்."

"டிரைவர்?"

"மேடம், அது டிரைவர் மேல தப்பு இல்ல. தண்ணி எறங்கி, பலகை..."

"சார், எனக்கு கதை வேணாம். இருபத்தொண்ணாந் தேதி பெரிய எடத்துக் கல்யாணம். அவங்க வீட்டுப் பொம்பளைங்க ரொம்ப பாப்பாங்க. டிரைவர மாத்தியாச்சா, இல்லையா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

இல்லை மேடம், அவர் என் மச்சான். இதுதான் சொல்ல வேண்டியது. ஒரு வாரமாகச் சொல்லிப் பழகினது. வாய் திறக்கவில்லை.

"ஹலோ? சார்?"

மச்சான் சுத்தியலை வைத்துவிட்டுக் குனிந்து போனை எடுத்தார்.

"வணக்கம் மேடம். புது டிரைவர் பேசறேன்." அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் திருத்தமாக. "பேர் ரவிங்க மேடம்... ஆமாங்க, அவர அனுப்பிட்டாங்க... இல்லைங்க, வண்டியில படுக்க மாட்டேங்க... சரிங்க மேடம். காலையில அஞ்சு மணிக்கு வந்துடறேங்க."

வைத்துவிட்டார். சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

"இன்னா மச்சான் இது" என்றேன்.

"வண்டி ஓட வேணாமா? தங்கச்சி பொண்ணு அடுத்த வருசம் காலேஜ் சேர வேணாமா?"

"அவங்களுக்கு உங்க மூஞ்சி தெரியுமே."

"என் மூஞ்சிய அவங்க எப்ப பாத்தாங்க? சட்டைய மாத்திக்கினா போதும். உன்னுது ஒண்ணு குடு."

நான் போனைப் பிடுங்கியிருக்கலாம். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இதை எழுதுகிற இந்த நிமிஷம்கூடச் சொல்லலாம், நம்பர் இருக்கிறது. ஆவணிக் கல்யாணங்கள் போய்விடும் என்ற பயம்தான் முன்னால் நிற்கிறது. அவர் ரவி என்றபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதுதான் இருப்பதிலேயே கேவலம்.


ஆகஸ்ட் 20, புதன்

மழை வரும் போலிருந்து வரவில்லை. என் நீலக் கட்டம் போட்ட சட்டையை ஜெ. இஸ்திரி போட்டாள். யாருக்கு என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலரை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு: டீசல். ஏ.சி. பில்டர். கண்ணாடிக்கு பல்பு இரண்டு. ஆபீசுக்கு லீவ் மெசேஜ்.


ஆகஸ்ட் 21, வியாழன்

இருட்டோடு கிளம்பினேன். வானம் சுத்தம். மச்சான் கொட்டகை வாசலில் தயாராக நின்றிருந்தார். என் சட்டை. தோளில் கொஞ்சம் இறுக்கம். மீசையை எடுத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், மீசை இல்லாத அந்த முகத்தை இன்றுதான் பார்த்தேன். மேல் உதடு வெளுப்பாக, வேறு யாரோ மாதிரி.

ஏன் மச்சான் என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்று வண்டியை எடுத்தார்.

ரிசார்ட். மேடம் உள்ளே ஏறி, தரைமேல் முன்னும் பின்னும் நடந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பேசினுக்கு முன்னால் குதிகாலால் இரண்டு தட்டு. இறங்கும்போது மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்துக்கும் மேடம் முகத்துக்கும் ஒரு முழம் இடைவெளி. மேடம் நேராகப் பார்த்து, "ரவியா? குட் மார்னிங்" என்றார். மச்சான் வணக்கம் வைத்தார்.

அப்புறம் என் பக்கம் வந்து, அவர் காதில் விழும்படியே சொன்னார்.

"இவர் நீட்டா இருக்காரு சார். பாத்தாலே தெரியுது, நல்ல எடத்து ஆளு. விட்டுடாதீங்க."

தேங்க்ஸ் மேடம் என்றேன்.